அம்மாவை அளந்த சனிக்கிழமை

தோழிகளே, போன மாதம் பங்சாரில் நாம் ஏழு பேரும் மதியச் சாப்பாட்டுக்குக் கூடியபோது, நம்மில் ஒருத்தி தன் பேத்தியின் மணிக்கட்டு எக்ஸ்ரேயைப் போனில் காட்டினாள். பேத்தி ஹாக்கி ஆடுகிறாளாம். இந்தப் பிள்ளை இன்னும் எவ்வளவு வளரும், பத்து வருடம் பயிற்சி கொடுத்தால் தேறுமா என்று எலும்பைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்களாம். "அஞ்சடி ஆறு வருமாம் லா!" என்று அவள் சொன்னதும் நீங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தீர்கள். நான் மட்டும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. அதற்குள் மீன் தலைக் கறி வந்துவிட்டது. மீன் தலைக்கு முன்னால் உங்களிடம் யார் பேச முடியும்? அதனால் எழுதுகிறேன்.

நம் காலத்தில் எக்ஸ்ரே எல்லாம் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவை அளந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், பின் சந்து தண்டவாளத்தைப் பார்த்த வரிசையில் இருந்தோம். அப்பா ரயில் பட்டறையில் ஃபிட்டர். காயப்போட்ட துணியில் எல்லாம் டீசல் வாடை அடிக்கும். சரக்கு ரயிலுக்குப் பெட்டி கோக்கும் சத்தத்தில் அலமாரியில் இருக்கிற எனாமல் குவளைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அந்த நீல விளிம்புக் குவளைகள் எந்த மாற்றலில் தொலைந்தன என்று இன்றுவரை தெரியவில்லை.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அக்கா சீனப் பிள்ளை. கிள்ளான் பக்கம் ஒரு கீரைத் தோட்டத்திலிருந்து, பிறந்த பன்னிரண்டாம் நாள் அம்மாவின் கைக்கு வந்தவள். கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளையில்லாமல் இருந்த அம்மா அவளை எடுத்து வளர்த்தார். நாலு வருடம் கழித்து நான் பிறந்தேன். உங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. எங்கள் வரிசையிலேயே மூன்று வீட்டில் அப்படிப் பெண்கள் இருந்தார்கள். இரட்டைப் பின்னல், நெற்றியில் பொட்டு, வாயைத் திறந்தால் நம்மைவிடச் சுத்தமான தமிழ். மற்ற இரண்டு வீட்டிலும் அதை வெளிப்படையாகப் பேசுவார்கள். எங்கள் வீட்டில் பேசக்கூடாது. யாராவது இழுத்தால், "வயித்துல இருக்கறப்ப குங்குமப்பூ சாப்ட்டேன், செவப்பா பொறந்துட்டா" என்பார் அம்மா. நான் இந்தக் கருப்பில் பிறக்க என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்டதில்லை. அக்காவிடமும் கண்ணாடி இருந்தது, அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் வாயால் சொல்லாத வரைக்கும் அப்படி ஒன்று இல்லை என்றே நாங்கள் நாலு பேரும் வாழ்ந்தோம்.

எனக்குத் தெரிந்தது சின்னம்மா மூலமாக. கிள்ளானில் இருந்த சின்னம்மாவின் வாயில் எதுவும் தங்காது. தீபாவளிக்கு முன்னால் நாங்கள் அங்கே போகும்போதெல்லாம், பாசார்ச் சந்தையில் ஒரு சீன அம்மாளிடம்தான் அம்மா கீரை வாங்குவார். பெரிய ஓலைத் தொப்பி, ஆண்களுக்கே தலைக்கு மேல் நிற்கும் உயரம். கை பாட்டுக்குக் கீரையைக் கட்டும், கண் அக்காவைவிட்டு நகராது. ஒரு பிடி கூடுதலாக வைத்துக் கொடுப்பார். அம்மா அதை வாங்கிய கையோடு அக்காவை மறுபக்கம் இழுத்துக்கொள்வார். "அதுதாண்டி ஒங்கக்காவ பெத்தது" என்று சின்னம்மா என் காதில் போட்டபோது எனக்கு ஆறு வயது.

எனக்கு ஒன்பதான வருடம் அக்காவுக்கு ஹாக்கிப் பைத்தியம் பிடித்தது. பட்டறை ஆள் ஒருவர் உடைத்துப்போட்ட மட்டையை அப்பா ஒட்டி, சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றிக் கொடுத்தார். பசையும் ரப்பரும் கலந்த அந்த வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. சாயங்காலம் முழுக்கப் பின் சந்துச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டே இருப்பாள். ஆட்ட விதி ஒன்றும் தெரியாது. ஹாக்கி மட்டையின் தட்டையான பக்கத்தால்தான் அடிக்கலாம். அக்கா உருண்டைப் பக்கத்தாலும் விளாசுவாள். பள்ளித் திடலில் நிமிடத்துக்கொரு தடவை அவளுக்காகவே விசில் ஊதுவார்கள். திருதிருவென்று விழித்துவிட்டு அடுத்த நிமிடம் அதையே செய்வாள்.

அந்தக் கூத்தைப் பார்க்கத்தான் மாநிலப் பயிற்சியாளர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பகலில் அரசாங்க ஆபீசில் வேலை, மாலையில் திடல். கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, அக்குளில் ஒரு நீலக் கோப்பு. பன்னிரண்டு பெண் பிள்ளைகளை எடுத்து, விடுதியில் வைத்துப் படிக்கவைத்து, ஐந்து வருடம் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. இன்றைக்கு நன்றாக ஆடுகிறவளை எடுப்பது சுலபம். ஐந்து வருடம் கழித்து ஆடப்போகிறவளை இன்றைக்கே கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை.

நான் அக்காவின் தண்ணீர்ப் புட்டியோடு கோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். அவர் எங்கள் விளையாட்டு டீச்சரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. ஆனால் பந்து காலுக்கு வர முதலே தலையைத் தூக்கிப் பார்க்கிறா, கவனிச்சனீங்களோ? அதை ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்க ஏலாது. இடக்கைப் பிள்ளை வேற. மட்டையை ஆளுறது மேல் கை, அது இடக்கை."

சோற்றில் இடது கையை வைத்தால் அகப்பைக் காம்பால் ஒன்று போடும் அம்மாவுக்கு இதைக் கேட்டால் மயக்கமே வந்திருக்கும். டீச்சர் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "பின்வரிசைக்கு உயரம் வேணும். வளருவாவோ எண்டு பார்க்க வேணும். வாற சனிக்கிழமை வீட்டை போறன்" என்றார்.

அந்த வாரம் வீடே தலைகீழானது. அம்மா கேசரி கிண்டினார், வடைக்கு ஊறப்போட்டார், எதிர்வீட்டில் கப் அண்ட் சாசர் இரவல் வாங்கினார். "என்னக்கா, பதிமூணு வயசுலயே பொண்ணு பாக்க வராங்களா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டதற்குக்கூட அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா தரையில் கால் பாவாமல் திரிந்தாள். "ஹாஸ்டல்ல புது மட்ட குடுப்பாங்களாம்மா, ஒடையாததும்மா, எனக்கே எனக்காம்மா" என்பாள். அவளுக்கு ஒரு வாக்கியத்தில் மூன்று அம்மா வேண்டும்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பயிற்சியாளர் வந்தார். அப்பாவுக்கு ஷிப்ட். அக்கா தட்டில் காப்பி கொண்டுவந்து வைத்தாள், பாதி சாசரில் இருந்தது. அவர் அவளது பாதத்தைப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார். பிறகு கோப்பைத் திறந்து அம்மா பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, பெண் பிள்ளையின்ட வளர்த்தி தாயிட்ட இருந்துதான் வரும். இருவது வருசமாப் பார்க்கிறன், பிழைச்சதில்லை. அதுக்காக ஒரு கேள்வி கேக்கவேண்டிக் கிடக்கு, கோவிக்கக் கூடாது. இவவின்ட சொந்தத் தாய் என்ன உயரம்?"

அக்கா காலித் தட்டோடு அங்கேயே நின்றாள்.

"நான்தான் சார் அம்மா" என்றார் அம்மா.

"அது தெரியும். நான் கேட்டது பெத்த..."

"நான்தான் பெத்தேன்."

பயிற்சியாளர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். குருடனுக்கே தெரியும் விஷயம். ஆனால் அவர் நல்ல மனுஷன், தலையாட்டினார். "அப்ப உங்களைத்தான் அளக்க வேணும்" என்று பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

அம்மா எழுந்துபோய்க் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றார். அவர் கோப்பை அம்மாவின் தலைமேல் மட்டமாக வைத்து நாடாவை இறக்கினார். "அஞ்சடி ஒண்டு. ம், பரவாயில்லை, பரவாயில்லை" என்று பேனாவைத் திறந்தார். அக்காவின் முகம் மலர்ந்தது. நான் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்கு நேரே அம்மாவின் சேலை ஓரம். அதற்குக் கீழே இரண்டு குதிகாலும் தரையில் இல்லை. சுருங்கிய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அம்மா எக்கி நிக்கிறாங்க! அம்மா ஏமாத்துறாங்க!" என்று கத்திவிட்டுச் சிரித்தேன்.

ஏன் கத்தினேன் என்று கேட்காதீர்கள். அறுபது தாண்டியும் எனக்கே விளங்கவில்லை. பள்ளியில் உயரம் பார்க்கும்போது எக்கினால் நர்ஸ் தலையில் தட்டுவார். அதேபோல ஒரு விளையாட்டு என்று நினைத்திருப்பேன். யாரும் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை. குதிகால் மெதுவாகத் தரைக்கு வந்தது. கோப்பும் கூடவே இறங்கியது. நாலடி பத்து.

வாசலில் செருப்பை மாட்டும்போது பயிற்சியாளர் தணிந்த குரலில் சொன்னார். "இந்த உயரத்தை வைச்சுப் பிள்ளையை எடுத்தா மற்றவை என்னைக் கேப்பினம். அடுத்த சனி கடைசி ஆட்டம். அண்டைக்குத்தான் பேர் எழுதுவன். அதுக்கிடையில ஏதும் சொல்ல இருந்தா வந்து சொல்லுங்கோ." அம்மா கைகூப்பினார்.

"ஒன் வாயத் தைக்கணும்டி" என்றாள் அக்கா. அம்மாவிடம் மட்டும், "பரவால்லம்மா, நான் போவலம்மா" என்றாள். சொல்லிவிட்டுப் போய்ப் பின் சுவரில் பந்தை அடித்தாள். ஞாயிறும் அடித்தாள், திங்களும் அடித்தாள். அந்தச் சத்தத்தோடுதான் அம்மா அரிசி களைந்தார். ஒவ்வோர் அடிக்கும் அவர் தோள் ஒருமுறை சுருங்கியது.

புதன்கிழமை எனக்குப் பள்ளியில்லை என்று அம்மாவே முடிவு செய்தார். என்னை இழுத்துக்கொண்டு கிள்ளான் பஸ் ஏறினார். வழியெல்லாம் உதட்டுக்குள் மலாய் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். சின்னம்மா வீட்டுக்குப் போகவில்லை, நேராகப் பாசார்.

ஓலைத் தொப்பிக்காரம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்தார். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அக்கா இல்லை. மறுபடி பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது எனக்குத் தெரிந்தது. கையிலிருந்த கீரைக் கட்டு நழுவியது. தன் பிள்ளை செத்துவிட்டதாக ஒருத்தி நினைப்பதை அன்றுதான் பார்த்தேன், அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை. "பாயிக்! பாயிக்!" என்று அம்மா பதறினார். நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்று அர்த்தம். அதற்குப் பிறகு பஸ்ஸில் மனப்பாடம் செய்த மலாய் எல்லாம் பறந்துவிட்டது. அம்மா மட்டை பிடிப்பதுபோல் காட்டினார், ஓடுவதுபோல் காட்டினார். தன் தலையில் கைவைத்து, போதாது என்று கையை விரித்தார். எக்கி அந்த அம்மாவின் தொப்பியைத் தொட்டுக் காட்டினார். சுற்றி மீன் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. சனிக்கிழமை என்பதையும் இடத்தையும் இரண்டு தடவை கேட்டுத் தலையாட்டினார்.

கிளம்பும்போது அம்மா திரும்பி நின்று தமிழிலேயே கேட்டார். "எம் புள்ளய கூட்டிட்டுப் போயிர மாட்டீங்கல்ல?"

அவருக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அதற்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

இதில் அம்மா செய்த தப்பு ஒன்றுதான். அக்காவிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. பதின்மூன்று வருடம் மூடிவைத்ததை எந்த வார்த்தையால் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வியாழன் சொல்லலாம் என்றிருந்தார், வெள்ளி சொல்லலாம் என்றிருந்தார். சனி வந்துவிட்டது.

முதல்நாள் மழையில் திடல் சொதசொதவென்று கிடந்தது. இரண்டாம் பாதி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கோப்போடு நின்றார். கோட்டோரமாக இரண்டு பேர் நடந்து வந்தார்கள், ஒருத்தர் நெட்டை, ஒருத்தர் குட்டை. பின்னால் நான். அம்மா அவர் முன்னால் போய் நின்று, "சார், இவங்கள அளங்க" என்றார்.

"இவ ஆர்?"

"எம் பொண்ண பெத்தவங்க."

மெல்லத்தான் சொல்ல நினைத்திருப்பார். ஆனால் அவ்வளவு நாள் அடக்கிவைத்த குரல் அடங்கியா வரும்? ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். இருபது அடி தள்ளி, அக்கா ஓடுவதை நிறுத்தினாள். பந்து அவள் காலைக் கடந்து உருண்டு கோட்டுக்கு வெளியே போனது. அவள் பார்க்கவில்லை.

அந்த அம்மா தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கோல் கம்பத்தில் நேராகச் சாய்ந்தார். பயிற்சியாளர் எக்கித்தான் கோப்பை வைக்க வேண்டியிருந்தது. "அஞ்சடி ஏழு!" என்றார். லாட்டரி அடித்தவர் முகம். அந்த அம்மா நாடாவைக் கவனிக்கவில்லை. அக்காவைப் பார்த்து, "சுடா பெசார்" என்று இரண்டே வார்த்தை சொன்னார். பெரிசாயிட்டா என்று அர்த்தம்.

மிச்சமிருந்த பத்து நிமிடமும் அக்கா ஆடிய ஆட்டத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு விசில்கூட அவளுக்காக ஊதப்படவில்லை. எல்லா அடியும் தட்டைப் பக்கம். குறுக்கே வந்தவர்கள் விலகி ஓடினார்கள். "பார், பார், இதுதான் நான் சொன்ன பிள்ளை" என்று பயிற்சியாளர் குதித்தார். அங்கேயே அவள் பேரை எழுதினார். அவர் ஆட்டத்தைப் பார்த்தார், நான் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோயிருந்தேன்.

வீட்டுக்கு நடக்கையில் அக்கா பத்தடி முன்னால் போனாள். அன்றிலிருந்து அவள் வாயில் அம்மா என்ற வார்த்தை இல்லாமல் போனது. சண்டை போடவில்லை, அழவில்லை. "சோறு போதும்" என்பாள். "பாவாட காயல" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் வராது. அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல் கரண்டியோடு நிற்பார். ஜனவரியில் சுங்கை பூலோ பக்கமிருந்த விடுதிக்கு அக்கா போனாள். அங்கிருந்து வந்த கடிதங்களை "அன்புள்ள அப்பா" என்றுதான் தொடங்கினாள். கடைசியில் "எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்றிருக்கும். அந்த எல்லாரில் தானும் இருப்பதாகச் சொல்லி அம்மா அந்த வரியை மட்டும் என்னைத் திரும்பப் படிக்கச் சொல்வார்.

விடுதியில் மாதம் ஒரு தடவை உயரம் பார்த்தார்கள். அந்த எண்ணையும் அக்கா கடிதத்தில் எழுதுவாள். பதினான்கு வயதில் நாலடி பத்து. முட்டை கொடுத்தார்கள், பால் கொடுத்தார்கள், கம்பியில் தொங்கவிட்டார்கள். பதினாறிலும் நாலடி பத்தரை. ஆட்டம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. கூட இருந்த பிள்ளைகள் அவளைக் கண்டாலே பந்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆனால் கோப்பில் பின்வரிசை என்று எழுதியிருந்தது, பின்வரிசைக்கு உயரம் வேண்டும். நடுவரிசையில் நிறுத்திப் பார்ப்போமே என்று அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் வருட முடிவில், எதிர்பார்த்த வளர்ச்சி இல்லை என்று நிர்வாகத்திலிருந்து ஒற்றை வரி வந்தது. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பயிற்சியாளரே தன் காரில் அக்காவைக் கூட்டிவந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வாசற்படியில் நின்றபடி, "தங்கச்சி, பிழை என்னில. கிள்ளானுக்குப் போய் இப்பதான் விசாரிச்சன். தகப்பன் என்ர தோளுக்கும் வராத ஆளாம். அவரைக் கேக்க எனக்குத் தோணவே இல்லை" என்றார். மன்னிப்புக் கேட்கிறாரா கணக்குச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. கார் போய்விட்டது.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஒனக்கு எடம் கெடைக்கணும்னுதான் சொன்னேன். அதுவும் இல்லாம போச்சே. எல்லாம் சும்மா போச்சே."

அக்கா துணிப்பையைக் கீழே வைத்தாள். அம்மாவுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். நான் அடுப்படி வாசலிலிருந்து பார்த்தேன். இரண்டு நெற்றியும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"அவங்க ஒசரத்துக்கு நான் வரலம்மா" என்றாள். "ஒங்க ஒசரத்துலயே நின்னுட்டேன்."

அம்மா அழுகையை நிறுத்தினார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

அக்கா உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா" என்று மட்டும் சொன்னாள்.